அக்காவின் ஷேர்களும் ஒரு பிடி மண்ணும்

பங்கு மார்க்கெட்டைப் பற்றி யாராவது என்னிடம் யோசனை கேட்டால், காது கேட்காதவன் போல எழுந்து போய்விடுவேன். சொந்தக்காரர்கள் இதைத் திமிர் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். ஒரு காலத்தில் கேட்காதவர்களையும் பிடித்து உட்கார வைத்து யோசனை சொன்னவன் நான். அந்த வாய்க்கொழுப்புக்கு விலை கொடுத்தது நானில்லை, என் அக்கா.

அப்போது கொல்லிமலையில், திருப்புலி நாடு என்ற ஊர்த்தொகுதிப் பக்கம், ஒரு காப்பித் தோட்டத்தில் எனக்கு ரைட்டர் வேலை. பெயர்தான் பெரிது. காலையில் வந்த ஆட்களின் பெயரை எழுத வேண்டும், பழத்தை எடை போட வேண்டும், சேலத்தில் இருந்த முதலாளிக்கு வாரம் இரண்டு கடிதம் போட வேண்டும். ஆபீஸ் என்பது தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதற்குப் பின்னால் மேட்டில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அதில் நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள், அக்கா.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணமான ஏழாம் வருஷம் அவள் புருஷன் காலராவில் போய்ச் சேர்ந்தார். குழந்தை இல்லை. புகுந்த வீட்டார் நாலு பேரை வைத்துப் பேசி, நகையைத் திருப்பிக் கொடுத்து, அவள் பங்குக்கு ஒரு தொகையையும் எண்ணி வைத்து அனுப்பிவிட்டார்கள். நகையை அவளே விற்றுப் பணமாக்கிக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு மலையேறி வந்தாள். பெட்டியை இறக்கி வைத்த அன்றே பண முடிப்பை என் கையில் கொடுத்தாள்.

“தம்பி, நீ படிச்சவன். இதை என்ன பண்ணோணுமோ பண்ணிக்கோ. ஆனா எனக்குன்னு ஒரு ஊடு வேணும் கண்ணு. எப்ப அடுப்பு மூட்டறதுன்னு யாரையும் கேக்காம இருக்கோணும்.”

என் மனைவி கெட்டவள் அல்ல. அக்காவும் சண்டைக்காரி அல்ல. ஆனால் சமையல்கட்டு என் மனைவியுடையது என்பதை யாரும் சொல்லாமலே அக்கா தெரிந்து வைத்திருந்தாள். விடியுமுன் அவளுக்கு விழிப்பு வந்துவிடும். குளிரில் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, என் மனைவி எழுந்து வரும்வரை, ஆறிப்போன அடுப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். எத்தனையோ நாள் அதைப் பார்த்திருக்கிறேன். நீயே மூட்டேன் அக்கா என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

வீட்டையும் அவளே பார்த்து வைத்தாள். அடிவாரத்தில் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு. முன்னால் நீளமாக ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு, கொல்லையில் ஒரு முருங்கை மரம். மலைக்காரர்கள் மிளகு மூட்டையைச் சந்தைக்கு முதல் நாளே இறக்கிக் கொண்டுவருவார்கள். இராத்திரி மூட்டையை வைக்க இடமில்லாமல் மரத்தடியில் காவல் கிடப்பார்கள். முன் அறையில் மூட்டைக்கு ஓரணா வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்வது, பின்னால் தான் குடியிருப்பது. இதுதான் அக்காவின் திட்டம். வீட்டுக்குச் சொந்தக்காரர் மிளகு வியாபாரம் செய்த ஒரு பாய்.

“அவசரமில்லீங்கம்மா. எம் பையனுக்கு அந்த ஊடு வேண்டாமாமுங்க. நீங்க எப்பப் பணத்தோட வந்தாலும் அது உங்களுக்குத்தானுங்க” என்று அவர் சொல்லிவிட்டார்.

அக்காவின் பணம் அந்த வீட்டு விலையில் பாதிதான் இருந்தது. பாதியை முழுசாக்குவது என் பொறுப்பு. நான் என்ன சாதாரண ஆளா? தினசரிப் பத்திரிகையில் பங்கு மார்க்கெட் விலைகள் போடும் பக்கத்தை விரல் வைத்துப் படிக்கிறவன். மெட்ராஸில் ஒரு தரகருக்குக் கடிதம் எழுதி, இரண்டு நூல் மில், ஒரு சர்க்கரை ஆலை என்று மூன்று கம்பெனிகளில் ஷேர் வாங்கினேன். பத்திரங்களை என் பெயரில்தான் வாங்கினேன். அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் கைநாட்டு, சாட்சி என்று அலைய வேண்டும். பணம் அவளுடையது, பேர் என்னுடையது. அதில் ஒரு தப்பும் எனக்குத் தோன்றவில்லை.

ஏன் மூன்று கம்பெனி என்று அவளுக்கு விளக்கினேன். ஒன்று படுத்தால் மற்ற இரண்டும் தாங்கும் என்றேன்.

“மலைக்காரங்க சாமையும் ராயியும் சேத்து வெதைக்கறாங்களே, அந்த மாதிரியா?”

“அதேதான்” என்றேன். அவள் அவ்வளவு சுலபமாகப் புரிந்துகொண்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. இன்னும் நீளமாக விளக்கலாம் என்று இருந்தேன்.

ஐந்தாறு வருஷம் எல்லாம் நன்றாகவே நடந்தது. டிவிடெண்ட் வந்தது. அதையும் ஷேராக்கினேன். தோட்டத்துக்கு வருகிற சர்வேயர், வைத்தியர், வனத்துறை ஆள் எல்லோரும் என் பிரசங்கத்தைக் கேட்டுத்தான் காப்பி குடிக்க முடியும். இறங்கும்போது விற்கிறவன் முட்டாள், பத்து வருஷம் வைத்திருக்கிறவனுக்கே பலன் என்று அடித்துச் சொல்வேன். அப்போதே பாய் வீட்டு விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அக்கா ஒரு நாள், “போதுமா கண்ணு?” என்று கேட்டாள். இன்னும் ஒரு வருஷம் போகட்டும், வீட்டை வாங்கிக் கையிலும் கொஞ்சம் மிஞ்சட்டும் என்றேன்.

அந்த வருஷம்தான் ஐரோப்பாவில் சண்டை மூண்டது.

அதுவரை பத்து வருஷக் கணக்குப் பேசியவன், சண்டை வந்ததும் பத்து நிமிஷம் நிலையாக உட்கார முடியாதவன் ஆனேன். எங்களுக்குத் தபால் வாரத்துக்கு இரண்டு நாள். தபால்காரர் அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறி வருவார். அவர் கொண்டுவரும் பத்திரிகையில் இருப்பது மூன்று நாளுக்கு முந்திய விலை. நான் படிக்கும்போது அந்த விலை செத்துப் போயிருக்கும். அது தெரிந்தும், அவர் வரும் நாளில் பாதி வழி இறங்கிப் போய் நின்று பத்திரிகையை வாங்குவேன். விலை ஏறியிருந்தால் பிள்ளைகளைக் கொஞ்சுவேன். இறங்கியிருந்தால் சோற்றில் உப்பில்லை என்று கத்துவேன். ஒரு தடவை விற்கச் சொல்லிக் கடிதம் எழுதி, மறுநாள் கிழித்தேன். கிழித்த துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டது அக்கா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கத் தெரியும்.

குண்டனி நாட்டிலிருந்து வாழைக்குலை கொண்டுவந்து விற்கும் ஓர் அம்மாள் அக்காவுக்கு நல்ல பழக்கம். இருவரும் சந்தைக்குச் சேர்ந்தே இறங்குவார்கள். அந்த அம்மாள் வீட்டுப் பரணில் மற்றவர்களின் விதைக்கோட்டைகள் வரிசையாக இருப்பதை அக்கா பார்த்துவிட்டு வந்தாள். அவர்கள் பக்கத்துச் சில ஊர்களில் இருந்த வழக்கம் அது. அறுப்பு முடிந்ததும் அடுத்த விதைப்புக்கான தானியத்தைச் சாம்பல் கலந்து, வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டையாகக் கட்டி, சாணி மெழுகி, வேறு ஊரில் ஒரு வீட்டில் கொடுத்து வைப்பார்கள். தன் விதையைத் தன் வீட்டில் யாரும் வைப்பதில்லை. கோடை நீண்டு பஞ்சம் வந்தாலும் திருப்பிக் கேட்கக் கூடாது, கேட்டாலும் கிடைக்காது. மழை விழுந்த பிறகு, விதைக்கப் போகிற நிலத்தின் மண்ணை ஈரத்தோடு ஒரு பிடி கொண்டுவந்து காட்ட வேண்டும். மண்ணை வாங்கிக்கொண்டு விதையைக் கொடுப்பார்கள்.

ஒரு நாள் அக்கா என் முன் வந்து நின்று, ஷேர் பத்திரங்களைக் கேட்டாள்.

“எதுக்குக்கா?”

“மழையில்லாத மாசத்துல வெதை ஊட்டுல இருந்தா என்ன பண்ணுவாங்க?”

“தின்பாங்க.”

“அதுக்குத்தான். நீ பேப்பரைப் பாத்துப் பாத்தே இதைத் தின்னுருவே சாமி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். குடிகாரன் காசைப் பெண்டாட்டியிடம் கொடுத்து வைக்கும்போது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். அடுத்த தடவை வாழைக்குலையோடு வந்த குண்டனி நாட்டு அம்மாள், தன் பரணில் வைப்பதற்காகப் பத்திரங்களை மெழுகு துணியில் சுற்றி, ஒரு மூங்கில் குழாயில் போட்டு, இரண்டு முனையையும் சாணியால் அடைத்தார். என்ன மண்ணைக் காட்டுவது என்ற கேள்வி வந்தது. பாய் வீட்டுக் கொல்லை மண் என்று அக்கா சொன்னாள். வீட்டை முடிக்கிற அன்றைக்கு அந்த முருங்கை மரத்தடி மண்ணை ஒரு பிடி எடுத்து, தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு கொண்டுவருவதாகப் பேச்சு.

“நீங்க வந்தாலுஞ் சரி, உங்க தம்பி வந்தாலுஞ் சரி. மண்ணு வந்தா குழாய் எறங்கும். வராம எறங்காதுங்க” என்றார் அந்த அம்மாள்.

மார்க்கெட் வீழ்ச்சியிலிருந்து பணத்தைக் காக்க எத்தனையோ உபாயங்கள் இருக்கின்றன. நான் அப்போதே பத்திரிகையில் சிலது படித்தவன்தான். என் அக்கா கண்டுபிடித்ததைப் போல ஒன்றை இதுவரை பார்க்கவில்லை. அவள் பணத்தை மார்க்கெட்டிடமிருந்து காக்கப் பார்க்கவில்லை. என்னிடமிருந்து காக்கப் பார்த்தாள்.

அடுத்த வருஷம் சித்திரை மழை ஏமாற்றிவிட்டது. வைகாசியும் காய்ந்தே போனது. உழுது போட்ட மேட்டு நிலமெல்லாம் புழுதி பறந்தது. அந்த வைகாசியில்தான் சண்டையில் ஒவ்வொரு தேசமாக விழுந்துகொண்டிருந்தது. மூன்று கம்பெனியில் ஒன்று படுத்தால் மற்றவை தாங்கும் என்று சொன்னேன் அல்லவா? மூன்றும் ஒரே நாளில் படுத்தன. அடுத்த தபாலில் இன்னும் இறங்கியிருந்தன. முதலாளி தன்னுடையதை எல்லாம் விற்றுவிட்டதாகச் சேலத்திலிருந்து செய்தி வந்தது. தரகரும் எழுதியிருந்தார். வீழ்ச்சி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, பத்திரங்களை உடனே அனுப்பினால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம், தாமதித்தால் வாங்குவாரே இருக்க மாட்டார்கள் என்று.

அன்று காலை முழுக்க ஆபீஸ் அறையில் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா ஓட்டாண்டியாகிவிடுவாள், என் கண் முன்னால் ஆகிவிடுவாள் என்ற எண்ணத்தை விரட்ட முடியவில்லை. நான் திருடப் போகவில்லை, காப்பாற்றத்தான் போனேன். இத்தனை வருஷத்தில் இதை எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

மறுநாள் தபால் இறங்கும் நாள். அதை விட்டால் இன்னும் நாலு நாள். பேளுக்குறிச்சிக்கு இறங்கி, மண்ணெடுத்து, திரும்ப ஏறி, குண்டனி நாட்டுக்கு நடக்க இரண்டு நாள் வேண்டும். அக்காவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள். அதனால் கேட்கவில்லை. ஆபீஸுக்குப் பின்னால், எங்கள் வீட்டு மேட்டுச் சரிவில், குனிந்து ஒரு பிடி மண் எடுத்தேன். புழுதியாக உதிர்ந்தது. செம்புத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, வாழை இலையில் பொதிந்து, துண்டில் முடிந்துகொண்டு நடந்தேன். வீட்டு வாசலில் அக்கா கேழ்வரகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டாள். பக்கத்துத் தோட்டத்துக்கு என்றேன்.

குண்டனி நாட்டு அம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் அவருடைய மருமகள் காட்டுக் கிழங்கை வேக வைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி நாலைந்து குழந்தைகள் பானையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. எல்லாம் எலும்பும் தோலுமாக இருந்தன. உள்ளே, அதே கூரைக்குக் கீழே, பரண் நிறைய தானியம் இருந்தது. ஒரு கோட்டையில்கூட யாரும் கை வைக்கவில்லை. அது மற்றவர்களின் விதை. இவர்களுடைய விதை எந்த ஊரில் எந்த வீட்டுப் பரணில் இருந்ததோ, அந்த வீட்டுக் குழந்தைகளும் அப்போது கிழங்குதான் தின்றுகொண்டிருந்திருக்கும். இதை எல்லாம் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் இலையைப் பிரித்து நீட்டினேன்.

அவர் மண்ணை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். கட்டை விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“அக்கா நல்லா இருக்கறாங்களா?”

“நல்லா இருக்கறாங்க. ஊட்டை முடிச்சாச்சுங்க. அதான் அனுப்புனாங்க.”

“அவங்க வரலீங்களா?”

“கால் வலிங்க.”

ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று எவ்வளவு சுருக்காக வந்து நிற்கிறது! அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு பழந்துணியில் மண்ணை முடிந்து பரணில் வைத்துவிட்டு, குழாயை எடுத்து என்னிடம் கொடுத்தார். இரண்டு துண்டு கிழங்கும் கொடுத்தார். வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, தின்னவும் முடியவில்லை. கிளம்பும்போது, “பால் காச்சறப்ப எனக்குச் சொல்லியனுப்புவீங்களா?” என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

மறுநாள் பத்திரங்கள் என் கையெழுத்தோடு தபாலில் இறங்கின. அதற்கு அடுத்த வாரம் மழை வந்தது. மூன்று நாள் கொட்டியது. மலை முழுக்க ஆட்கள் கையில் மண்ணோடு ஊருக்கு ஊர் நடந்தார்கள், தலையில் கோட்டையோடு திரும்பினார்கள். ஆபீஸ் ஜன்னலில் நின்று அதைப் பார்த்தேன். என் விதை மெட்ராஸுக்குப் போயிருந்தது.

பணம் வந்தது. அக்கா முதன்முதலில் என்னிடம் கொடுத்த தொகைக்கும் கொஞ்சம் குறைவு. அதை மடித்து அவள் முன் வைத்து, நடந்ததைச் சொன்னேன். இதையாவது காப்பாற்றினேன், இல்லாவிட்டால் அத்தனையும் போயிருக்கும் என்று ஒரு சின்ன பிரசங்கமும் செய்தேன். அவள் பணத்தைத் தொடவில்லை.

“மண்ணு எங்கே எடுத்தே?”

“ஆபீஸுக்குப் பின்னால.”

“அந்தம்மாகிட்டப் பொய் சொல்லிட்டியே கண்ணு” என்றாள். அவ்வளவுதான். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் என்னைத் திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து சந்தைக்கு அவள் வேறு பாதையில் போனாள். குண்டனி நாட்டு அம்மாளின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தாள். வெட்கப்பட வேண்டியவன் நான். வெட்கத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

விற்ற பிறகு மார்க்கெட் என்ன செய்தது என்று சொல்லவும் வேண்டுமா? சில மாதம் கிடந்தது, பிறகு எழுந்தது. பட்டாளத்துக்குத் துணி என்று மில்களுக்கு இரவு பகலாக வேலை. இரண்டு மூன்று வருஷத்தில், நான் விற்ற விலை பத்திரிகையில் எங்கோ அடியில் கிடந்த பழைய கதையாகிவிட்டது. அந்தப் பத்திரங்கள் பரணிலேயே இருந்திருந்தால் பாய் வீட்டை வாங்கி, மேலே ஓடும் மாற்றியிருக்கலாம். ஒவ்வொரு தபாலிலும் அந்த விலையைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. புண்ணைக் கிள்ளிக்கொள்வதில் ஒரு சுகம் உண்டல்லவா, அந்தக் கேவலமான சுகம்.

அக்கா மட்டும் எப்போதாவது, விற்றுவிட்ட மாட்டை விசாரிப்பது போலக் கேட்பாள்.

“நம்ம மில்லு எப்படி இருக்குதாமா?”

“அப்படியேதான் கெடக்குது. இன்னும் எறங்கிப் போச்சு.”

“அப்ப நீ வித்ததும் நல்லதுதான்” என்பாள். சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு வரும். தம்பி கெடுத்துவிடவில்லை என்ற தெளிவு. அதைக் கெடுக்க மனமில்லை என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பட்டமான பொய் அது. எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு சந்தை நாளுக்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் அதைக் கவனித்தேன், காரணம் கேட்கவில்லை. அடுத்த மாதம் பேளுக்குறிச்சியில் பாயைப் பார்த்தபோது அவரே சொன்னார்.

“அம்மா போன மாசம் வந்திருந்தாங்க. மில்லு ஷேரெல்லாம் எப்படீங்க பாய்னு கேட்டாங்க. தங்கமா ஏறிக் கெடக்குதுங்கம்மான்னு சொன்னேன். ஏனுங்க, சொல்லக் கூடாதுங்களா?”

வீட்டை ஒரு நெல் வியாபாரிக்குப் பேசி முடித்துவிட்டதையும் அவர் அப்போதுதான் சொன்னார். ரொம்ப நாள் காத்திருந்தாராம். அம்மாவிடம் கேட்டாராம். எனக்கு இனி வேண்டாம், யாருக்காவது கொடுங்க என்று அவளே சொன்னாளாம். அந்த வழி முழுக்க ஏறி வரும்போது அக்காவிடம் என்ன சொல்வது என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தால், அவள் எனக்குச் சோறு எடுத்து வைத்து, முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். சேர்த்த வார்த்தை ஒன்றுகூட வெளியே வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

கையில் இருந்த பணம், சண்டைக்கால அரிசி விலையிலும் என் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அவளேதான் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். விடியற்காலையில், என் மனைவி எழுந்து வரும்வரை, அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் மாறவில்லை.

சண்டை முடியும் தறுவாயில் அக்காவுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. எட்டே நாள். கடைசி இரண்டு நாள் நினைவில்லை. ஒரு தடவை மட்டும் கண்ணைத் திறந்து, முருங்கைக்கீரையை ஆய்ந்தாயிற்றா என்று என் மனைவியைக் கேட்டாள். எங்கள் வீட்டில் முருங்கை மரம் கிடையாது. அந்தக் கொல்லையை அவள் மனசுக்குள் எத்தனை வருஷமாகப் பெருக்கிக்கொண்டிருந்தாளோ! நான் எழுந்து வெளியே போய் ஆபீஸ் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

செய்தி எப்படிப் போயிற்றோ, பாடை கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் குண்டனி நாட்டு அம்மாள் வந்தார். அவ்வளவு தூரமும் நடந்து வந்த களைப்பு. அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தைத் தடவியபடியே இருந்தார். பிறகு எழுந்து என்னிடம் வந்து, இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து நீட்டினார். நான் அதைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன்.

“ஊட்டை முடிச்சு, பால் காச்சினதும் திருப்பிக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேனுங்க. சேதி வரவே இல்லீங்க.”

இவ்வளவு நாள் கழித்து, அந்த இடத்தில், அதையாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“அது பேளுக்குறிச்சி மண்ணு இல்லீங்க. நான்…”

“தெரியுமுங்க. பாய் ஊட்டுக் கொல்லை கருமண்ணுங்க. இது உங்க மேட்டு மண்ணு. அன்னைக்கே தெரியுமுங்க.”

“தெரிஞ்சும் ஏனுங்க குடுத்தீங்க?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. உண்மையிலேயே பதில் தெரியாத ஒருவரின் குழப்பம்தான் இருந்தது.

“மண்ணு கொண்டாந்தா குடுக்கோணுமுங்க. பொய் மண்ணு கொண்டாந்தா என்ன பண்றதுன்னு எங்க ஊட்ல யாரும் சொல்லலீங்க. இதுக்கு முன்னால யாரும் கொண்டாந்ததில்லீங்க.”

முடிச்சை என் கையில் வைத்தார். ஈரம் போய் ஐந்து வருஷமாகியிருந்தது. கல்போல இறுகியிருந்தது. பிறகு பெண்கள் கூட்டத்தோடு போய் நின்றுகொண்டார்.

மேட்டுச் சரிவுக்குக் கொஞ்சம் கீழே குழி தோண்டியிருந்தார்கள். மூன்று பிடி மண் போட வேண்டும் என்றார்கள். முடிச்சை அவிழ்த்து, விரலால் நசுக்கி, அதை முதல் பிடியாகப் போட்டேன். மற்ற இரண்டையும் குழியின் ஓரத்தில் குவித்திருந்ததிலிருந்து அள்ளிப் போட்டேன். மூன்றும் ஒரே நிறமாக இருந்தன.